பிளாக்செயின் இருக்கட்டும், சென்சாரை யார் காப்பது?

இணையத்தில் இணைந்து தரவு அனுப்பும் ஐஓடி கருவிகளை, பலரின் கணினிகளில் பகிர்ந்து வைக்கப்படும் பதிவேடான பிளாக்செயினோடு இணைத்துவிட்டால் தரவில் யாரும் கை வைக்க முடியாது என்று பலர் உறுதியாகச் சொல்கிறார்கள். சங்கிலியில் ஏறிய பிறகு முடியாது, உண்மைதான். ஏறுவதற்கு முன்னால்?

தடுப்பூசிப் பெட்டியையே எடுத்துக்கொள்வோம். பெரும்பாலான தடுப்பூசிகளை 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் வைத்திருக்க வேண்டும். பெட்டிக்குள் இருக்கும் சென்சார் வெப்பநிலையை அளந்து அனுப்ப, அது பிளாக்செயினில் பதிவாகிறது. வழியில் ஒருவர் சென்சாரை மட்டும் கழற்றி வேறொரு குளிர்பெட்டிக்குள் வைத்துவிட்டால் என்ன ஆகும்? மருந்து வெயிலில் கெடும், பதிவில் 5 டிகிரி என்றே ஏறிக்கொண்டிருக்கும். அழிக்க முடியாத பதிவேட்டில் ஏறிய பொய்யும் அழியாது. இந்தத் துறையில் இதை ஆரக்கிள் பிரச்சினை என்பார்கள். எந்த பிளாக்செயினும் தானாக இதைத் தீர்க்காது.

கருவிகளின் நிலைமையோ இன்னும் மோசம். 2016-இல் மிராய் என்ற தீநிரல் லட்சக்கணக்கான கேமராக்களையும் ரவுட்டர்களையும் பிடித்தது. பெரிய வித்தை எதுவும் இல்லை, தயாரிப்பாளர் வைத்த பாஸ்வேர்டை யாரும் மாற்றவில்லை, அவ்வளவுதான். அந்த அக்டோபரில் அப்படிப் பிடிபட்ட கருவிகளைக் கொண்டே, இணையதளப் பெயர்களுக்கு முகவரி காட்டும் டைன் நிறுவனத்தின் சர்வர்கள் தாக்கப்பட்டு ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் வரை முடங்கின. அப்படிப்பட்ட கருவி சொல்வதையா நிரந்தர சாட்சியாக்கப் போகிறோம்?

அதனால் முதல் செலவு கருவிக்கே போக வேண்டும். ஒவ்வொன்றுக்கும் தனிச் சாவி (அனுப்பும் தரவில் டிஜிட்டல் கையொப்பமிட உதவும் ரகசிய எண்), அதுவும் பாதுகாப்புச் சிப்பை விட்டு வெளியே வராதபடி. கருவிக்குள் இயங்கும் மென்பொருளான ஃபர்ம்வேருக்கு, தயாரிப்பாளர் டிஜிட்டல் கையொப்பமிட்ட அப்டேட். திறந்தால் காட்டிக்கொடுக்கும் உறை. பிறகு சங்கிலியைப் பற்றிப் பேசலாம்.

அப்போதும் எல்லா அளவீட்டையும் சங்கிலியில் கொட்ட வேண்டியதில்லை. பிட்காயின் வினாடிக்கு ஏறத்தாழ 7 பரிவர்த்தனைகளைத்தான் தாங்கும். சென்சார்கள் கொட்டும் தரவுக்கு அது எந்த மூலைக்கு? அளவீடுகள் சாதாரண டேட்டாபேஸில் இருக்கட்டும். ஒரு மணி நேரத் தரவுக்கு ஒரு மெர்க்கிள் ஹாஷ் (எல்லா அளவீடுகளையும் சேர்த்துக் கணக்கிட்ட ஒரு சிறிய கைரேகை போன்ற குறியீடு) மட்டும் சங்கிலியில் ஏறினால் போதும். பின்னால் ஒரே ஓர் எண்ணை மாற்றினாலும் ஹாஷ் ஒத்துப்போகாது, மாட்டிக்கொள்வார்கள். இந்த இணைப்பில் எனக்கு உண்மையிலேயே பிடித்த இடம் இதுதான்.

கருவியும் தரவும் ஒரே நிறுவனத்தின் கையில், வெளியே யாருக்கும் அதை நிரூபித்துக் காட்ட வேண்டியதும் இல்லை என்றால் பிளாக்செயினே வேண்டாம். ஒருவரையொருவர் நம்பாத பலர் ஒரே பதிவைப் பகிரும்போதுதான் அதற்கு வேலை. அங்கேயும் தொழில்நுட்பம் மட்டும் போதாது. கப்பல் நிறுவனமான மெர்ஸ்க்கும் ஐபிஎம்மும் 2018-இல் கப்பல் சரக்குகளுக்காகக் கொண்டுவந்த டிரேட்லென்ஸ் என்ற பிளாக்செயின் தளத்தை மூடுவதாக 2022 நவம்பரில் அறிவித்தார்கள். உலகளாவிய அளவில் துறை முழுவதும் ஒத்துழைக்கும் நிலை வரவில்லை என்பதே அவர்கள் சொன்ன காரணம்.

ஒரு விஷயத்தில் மட்டும் எனக்குச் சமரசமே இல்லை. வீட்டு மின்மீட்டரின் அளவீடுகளை அப்படியே பொது பிளாக்செயினில் ஏற்றக் கூடாது. வீட்டில் ஆள் எப்போது இருக்கிறார், எப்போது இல்லை என்பதை அந்த எண்களே சொல்லிவிடும். பிறகு அழிக்கச் சொல்லிக் கேட்டாலும் அழிக்க வழியிருக்காது.