கைகுடுக்கச் சொல்ல நீங்கள் யார்?

ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊர்ச் செஸ் போட்டியின் கடைசிச் சுற்றில் நடந்தது இங்கே எல்லாருக்கும் தெரியும், வீடியோவும் சுத்தித் திரியுது. நான் கேட்பது ஒன்றுதான். ஆடுகிற இரண்டு பேரும் சமநிலை கேட்கவில்லை. "தம்பிமார், பிரதம விருந்தினர் வெளிக்கிடப் போறார், கைகுடுத்து முடியுங்கோ" என்று சொல்ல மேசைக்கு வந்த ஏற்பாட்டாளருக்கு என்ன உரிமை?

"முகம் பார்த்துக் கதைக்காத பெடியள், ஒற்றுமையாகட்டும் எண்டுதான் செய்தனாங்கள்" என்கிறார்கள். நல்ல ஒற்றுமை! ஆட்டம் சமன் என்றாக, அரைப் புள்ளி முன்னுக்கு நின்றவனுக்குக் கிண்ணம். ஒரு சிப்பாய் கூடுதலாக வைத்துக்கொண்டு, வென்றே தீரவேண்டும் என்று இருந்தவனுக்கு ஒரு போட்டோ.

1987 டிசம்பர், ஸ்பெயினின் செவில் நகரம், உலக செஸ் பட்டப் போட்டி. நடப்புச் சாம்பியன் கஸ்பரோவ், எதிரில் முன்னாள் சாம்பியன் கார்ப்போவ். கஸ்பரோவுக்கும் கார்ப்போவுக்கும் ஆளையாள் கண்ணில் காட்டேலாது. 23ஆவது ஆட்டத்தில் கஸ்பரோவ் கணக்குப் பிழைத்துத் தோற்க, கார்ப்போவ் 12-11 என்று முன்னுக்கு. கடைசி ஆட்டம் சமனானாலே பட்டம் அவருக்கு. வேறு ஆள் என்றால் கண்ணை மூடிக்கொண்டு பாய்ந்திருப்பார். கஸ்பரோவ் பாயவில்லை. அவசரமில்லாமல் இறுக்கிக்கொண்டே போனார். நேரம் கரையக் கரைய கார்ப்போவ் தடுமாறி ஒரு சிப்பாயை இழந்தார். ஆட்டம் அடுத்த நாளுக்கு ஒத்திவைப்பு. 19ஆம் திகதி, 64ஆவது நகர்த்தலில் கார்ப்போவ் விட்டுக்கொடுத்தார். 12-12. சமன் என்றால் பட்டம் நடப்புச் சாம்பியனுக்கு, அதனால் கஸ்பரோவிடமே தங்கியது.

அந்த இரவு நம்ம ஏற்பாட்டாளர் செவிலில் நின்றிருந்தால்? "ராவாப் போச்சு, கட்டிப்பிடிச்சு முடியுங்கோ."

அப்படி ஒருத்தர் உண்மையிலேயே இருந்தார். 1985 பெப்ரவரி, மாஸ்கோ. இதே இரண்டு பேரின் பட்டப் போட்டியில் 48 ஆட்டத்துக்குப் பிறகு, ஆட்டக்காரர் களைத்துவிட்டார்கள் என்று உலக செஸ் சம்மேளனத் தலைவர் கம்போமனெஸ் முடிவில்லாமலே போட்டியை நிறுத்தினார். கஸ்பரோவ் அப்போதுதான் அடுத்தடுத்து இரண்டு ஆட்டம் வென்றிருந்தார். பகை தீர்ந்ததா? ஊதிப் பெருத்தது.

எங்கள் அப்பாவும் பக்கத்து வளவு மாஸ்டரும் வேலிப் பிரச்சினையில் வருசக்கணக்காகக் கதைக்கவில்லை. பின்னேரமானால் மாஸ்டர் எங்கள் விறாந்தையில் இருப்பார். தொலைந்த கறுப்புக் குதிரைக்குப் பதில் ஒரு டோர்ச் பற்றறி. இரண்டு பேர் வாயிலும் வருகிற ஒரே சொல் "செக்". அம்மா தேத்தண்ணியை வைத்துவிட்டு உள்ளே போய்விடுவா. ஒருநாளும் சமன் பண்ணச் சொன்னதில்லை. வேலி கடைசிவரை தீரவில்லை, அது வேற கதை.

"பகையை வளர்க்கிறாய்" என்கிறார்கள். 2007இல் மாஸ்கோவில் கஸ்பரோவை ஐந்து நாள் உள்ளே போட்டபோது, பார்க்கவென்று சிறை வாசலுக்குப் போனவர் கார்ப்போவ். விடவில்லை, ஆனால் போனார். முழுசாக ஆடித் தீர்த்த மனுசர்.

"சின்னப் பெடியள்தானே." சின்னவன் என்றால் அவன் ஆட்டத்தை நீங்கள் முடிக்கலாமா?

"சிப்பாய் கூடுதலா வச்சிருந்தவன் உன்ர மருமகன், அதுதான் கத்துறாய்." ஓம், அக்காவின் மகன்தான். அதுக்கென்ன? மண்டபம் கூட்டவும் கதிரை அடுக்கவும் என்னைக் கூப்பிட்டபோது அந்த உறவு கண்ணில் படவில்லையே? இப்போது நான் பிரச்சினைக்காரன். இருந்துவிட்டுப் போகிறேன்.

அன்று இரவு அவன் சாப்பிடவில்லை. உட்துறைமுக வீதியால் கூட்டிக்கொண்டு நடந்தேன். கிண்ணத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "மாமா, ராசாவை முன்னுக்குக் கொண்டுபோயிருந்தா வெண்டிருப்பன் என்ன?" என்று மட்டும் கேட்டான். நான் என்னத்தைச் சொல்ல?

ஆட்டத்தாள் என்னிடம் இருக்கிறது. மற்றப் பெடியனும் வீட்டாரும் சம்மதித்தால், நிறுத்திய நிலையிலிருந்தே உவர்மலையில் எங்கள் வீட்டில் தொடரலாம். பிரதம விருந்தினர் வரத் தேவையில்லை.