கிண்ணம் தீர்மானிக்கப்படும் நாட்களில் செல்லுபடியாகாத உச்சவரம்பு

ரொறன்ரோவில் ஐஸ் ஹொக்கியின் பிளேஓஃப் காலம், அதாவது வழமைப் பருவத்துக்குப் பிறகு கிண்ணத்துக்காக நடக்கும் வெளியேற்றுச் சுற்றுகளின் காலம் வந்தால், ஓர் அணி தன் வீரர்களுக்கு மொத்தமாகக் கொடுக்கக்கூடிய சம்பளத்தின் உச்சவரம்பைப் பற்றிய வாதமும் கூடவே வந்துவிடுகிறது. உச்சவரம்பு இருப்பதால்தான் எந்த அணியும் கிண்ணத்தை வெல்ல முடிகிறது என்கிறார்கள் ஒரு சாரார். அதனால்தான் நல்ல அணிகள் சிதைந்துபோகின்றன என்கிறார்கள் மறுசாரார். இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஆனால் என்னை நெடுநாளாக உறுத்திக்கொண்டிருப்பது வேறொரு விடயம். ஒக்ரோபர் முதல் ஏப்ரல் நடுப்பகுதி வரை ஒவ்வோர் அணியின் சம்பளக் கணக்கையும் நாள்தோறும் சரிபார்த்த தேசிய ஹொக்கி லீக், ஸ்ரான்லி கிண்ணத்துக்கான ஆட்டங்கள் தொடங்கிய அன்றே அந்தக் கணக்கை மூடி வைத்துவிட்டது. 2005இல் உச்சவரம்பு நடைமுறைக்கு வந்ததிலிருந்து 2025 வரை இதுவே வழக்கமாக இருந்தது. சமநிலைக்காகக் கொண்டுவரப்பட்ட ஒரு விதி, சமநிலை மிகவும் தேவைப்பட்ட இரண்டு மாதங்களில் செல்லுபடியாகாமல் போனது பெருந்தவறு என்பதே என் உறுதியான கருத்து.

இந்த உச்சவரம்பு இலகுவாகக் கிடைத்த ஒன்றல்ல. அணி உரிமையாளர்கள் 2004 செப்ரெம்பரில் கதவடைப்பை அறிவித்தார்கள். 2005 பெப்ரவரியில் முழுப் பருவமும் இரத்துச் செய்யப்பட்டது. தொழிற்பிணக்கு ஒன்றினால் ஒரு பருவம் முழுவதையும் இழந்த முதல் பெரிய வட அமெரிக்க விளையாட்டு லீக் இதுதான். முடிவில் வீரர்கள் சங்கம் விட்டுக்கொடுத்தது. நடைமுறையில் இருந்த ஒப்பந்தங்களின் சம்பளம் 24 சதவீதம் வெட்டப்பட்டது. 2005-06 பருவத்துக்கான உச்சவரம்பு 39 மில்லியன் டொலராக நிர்ணயிக்கப்பட்டது. அதற்கு முந்தைய பருவத்தில் டிற்றோயிற், நியூயோர்க் ரேஞ்சர்ஸ் ஆகிய அணிகள் ஒவ்வொன்றும் 75 மில்லியனுக்கு மேல் சம்பளம் கொடுத்துக்கொண்டிருக்க, சிறிய நகரங்களின் அணிகள் சில அதில் மூன்றில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை என்பதை நினைத்துப் பார்த்தால், இந்த வெட்டு எவ்வளவு ஆழமானது என்பது புரியும். வீரர்கள் இவ்வளவையும் இழந்தது போட்டி நியாயமாக இருக்க வேண்டும் என்ற வாக்குறுதியின் பேரில்தான். ஆகவே அந்த வாக்குறுதி காப்பாற்றப்பட்டதா என்று கேட்கும் உரிமை வீரர்களுக்கும் உண்டு, நுழைவுச்சீட்டு வாங்கும் நமக்கும் உண்டு.

வென்றவர்களின் பட்டியலைப் பார்த்தால் மாற்றம் தெரிகிறது. 1995 முதல் 2003 வரையான ஒன்பது கிண்ணங்களை நியூஜேர்சி, டிற்றோயிற், கொலராடோ, டாலஸ் என்ற நான்கு அணிகளே தமக்குள் பங்கிட்டுக்கொண்டன. 2006 முதல் 2025 வரையான இருபது கிண்ணங்களைப் பதின்மூன்று அணிகள் வென்றிருக்கின்றன; கரோலைனா, அனஹைம், லொஸ் ஏஞ்சலிஸ், வொஷிங்ரன், சென்ற் லூயிஸ், வேகஸ், புளோரிடா ஆகிய ஏழும் தத்தம் வரலாற்றில் முதன்முறையாகக் கிண்ணத்தைத் தொட்டது இந்தக் காலத்தில்தான். எனினும் இந்தப் பெருமை முழுவதையும் உச்சவரம்பின் கணக்கில் எழுதிவிட நான் தயாரில்லை. பணத்தை வாரி இறைத்த ரேஞ்சர்ஸ் 1998 முதல் 2004 வரை தொடர்ந்து ஏழு பருவங்கள் பிளேஓஃப் பக்கமே வரவில்லை. ஐஸ் ஹொக்கி கோல்கள் குறைவாக விழும் ஆட்டம். ஒரு கோல்காப்பாளர் இரண்டு வாரங்களுக்கு நல்ல நிலையில் இருந்தால் எந்தப் பெரிய அணியையும் வீட்டுக்கு அனுப்பிவிடலாம். 2019இல் 62 வெற்றிகளும் 128 புள்ளிகளும் பெற்ற ரம்பா பே அணியை, அதுவரை ஒரு தொடரைக்கூட வென்றிராத கொலம்பஸ் நான்கே ஆட்டங்களில் வெளியேற்றியது. 2023இல் 135 புள்ளிகளுடன் லீக்கின் சாதனையையே முறியடித்த பொஸ்ரன், 92 புள்ளிகளுடன் கடைசி இடத்தில் உள்ளே வந்த புளோரிடாவிடம் முதல் சுற்றிலேயே தோற்றது. இவை இந்த ஆட்டத்தின் இயல்பில் விளைபவை.

அப்படியானால் உச்சவரம்பு உண்மையில் என்ன செய்கிறது? வல்ல அணி ஒன்று உருவாவதை அது தடுப்பதில்லை. உருவான அணி அப்படியே நீடிப்பதைத்தான் தடுக்கிறது. 2010இல் சிக்காகோ கிண்ணத்தை வென்றது. அந்த பிளேஓஃபில் 11 கோல்கள் அடித்த டஸ்ரின் பஃப்லினை அதே ஜூன் மாதம் அற்லாண்டாவுக்குக் கொடுக்க வேண்டியதாயிற்று. அண்ட்ரூ லாட் போனார், கிறிஸ் வெர்ஸ்ரீக் போனார். கிண்ணத்தை வென்று கொடுத்த கோல்காப்பாளர் அன்ரி நியெமிக்கு நடுவர் மன்றம் தீர்ப்பளித்த 2.75 மில்லியன் டொலரைக்கூடக் கொடுக்க இடமில்லாமல் அவரையும் விட்டுவிட்டார்கள். நட்சத்திர வீரர்கள் நிலைத்திருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் நின்றவர்கள்தான் கலைக்கப்பட்டார்கள். உச்சவரம்பு ஹொக்கியில் அரிதாக்கியது நட்சத்திரங்களை அல்ல, மூன்றாவது லைனையும் (லைன் என்பது ஒன்றாகக் களமிறங்கும் மூன்று முன்கள வீரர்கள்) நான்காவது, ஐந்தாவது தடுப்பாட்டக்காரர்களையும்தான்.

பிளேஓஃப் என்பதோ அந்த மூன்றாவது லைனின் காலம். நான்கு சுற்றுகள், ஒவ்வொன்றிலும் ஏழு ஆட்டங்கள் வரை, ஒரு நாள் விட்டு ஒரு நாள் மோதல். இரு அணிகளின் முதல் லைன்களும் ஒன்றையொன்று கட்டிப்போட்டுவிடும்போது, அடுத்த நிலையில் நிற்பவர்களே ஆட்டத்தைத் தீர்க்கிறார்கள். இங்கேதான் நீண்டகாலக் காயப் பட்டியல் என்ற ஓட்டை முழு வேலையையும் செய்தது. காயமடைந்த வீரர் ஒருவர் அந்தப் பட்டியலில் இருக்கும்வரை, அவருடைய சம்பளத்தின் அளவுக்கு உச்சவரம்பைத் தாண்டி மாற்று வீரர்களை எடுக்கலாம். வழமைப் பருவம் முடிந்ததும் கணக்குப் பார்ப்பது நின்றுவிடுவதால், குணமடைந்தவர் பிளேஓஃபின் முதல் நாளே திரும்பி வரலாம். அவருக்குப் பதிலாக வந்தவர்களும் அப்படியே இருக்கலாம். இந்த அடுத்த நிலை வீரர்களின் எந்தப் பலத்தை உச்சவரம்பு எல்லோரிடமிருந்தும் பறித்ததோ, அதை ஓரிரு அணிகள் மட்டும் முழுமையாக வைத்துக்கொண்டு விளையாட முடிந்தது.

இதன் மிகத் தெளிவான உதாரணம் 2021. ரம்பா பேயின் நிகிற்றா குச்சரோவ் இடுப்பில் சத்திரசிகிச்சை செய்துகொண்டு, 56 ஆட்டங்கள் கொண்ட அந்தச் சுருங்கிய பருவம் முழுவதையும் தவறவிட்டார். அவருடைய 9.5 மில்லியன் டொலர் கணக்கிலிருந்து விலகி நின்றது. முதல் சுற்றின் முதல் ஆட்டத்தில் புளோரிடாவுக்கு எதிராகத் திரும்பி வந்தவர் இரண்டு கோல்களும் ஒரு உதவியும் பெற்றார். பிளேஓஃப் முடியும்போது கோல்களும் உதவிகளும் சேர்ந்து 32 புள்ளிகளுடன் எல்லோருக்கும் முன்னால் நின்றார். ஆனால் நான் கவனிக்கச் சொல்வது அவரையல்ல, டேவிட் சவார்ட் என்ற தடுப்பாட்டக்காரரை. அந்த ஏப்ரலில் கொலம்பஸிலிருந்து அவரை வாங்கினார்கள். அவருடைய சம்பளத்தில் பாதியைக் கொலம்பஸ் ஏற்றது. மீதியில் பாதியை, இடையில் புகுந்த டிற்றோயிற் இளம் வீரர் ஒருவரைத் தெரிவு செய்யும் உரிமைக்காக ஏற்றுக்கொண்டது. கால் பங்கு விலைக்கு வந்த அந்த வீரர்தான், மொன்றியலுக்கு எதிரான இறுதிச் சுற்றின் ஐந்தாவது ஆட்டத்தில், அந்த ஆட்டத்தின் ஒரே கோலை ரொஸ் கோல்ற்றன் அடிப்பதற்குப் பந்துத்தட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். 1-0. கிண்ணம் ரம்பாவுக்குப் போனது. 1993க்குப் பிறகு கிண்ணத்தையே காணாத கனடிய அணிகளில் ஒன்று, அன்றைய தினம் எதிர்த்து நின்றது, வரம்பை ஏறத்தாழ 18 மில்லியன் டொலரால் தாண்டிய ஓர் அணியை. அந்தத் தொகையையே மேற்சட்டையில் அச்சிட்டு வெற்றிக் கொண்டாட்டத்தில் குச்சரோவ் அணிந்து நின்றார்.

2015இல் சிக்காகோவின் பற்றிக் கேன், 2023இல் வேகஸின் மார்க் ஸ்ரோன், 2025இல் புளோரிடாவின் மத்தியூ கச்சக் ஆகிய மூவரும் இதே வழியில், முதல் சுற்றின் முதல் ஆட்டத்துக்குத் திரும்பினார்கள். மூன்று அணிகளும் கிண்ணத்தை வென்றன.

இவர்கள் காயத்தை நடித்தார்கள் என்று சொல்பவர்களோடு நான் உடன்படவில்லை. ஸ்ரோனுக்கு முதுகில் நடந்த சத்திரசிகிச்சைகளும் கச்சக்கின் தசைக் கிழிவும் உண்மையானவை. அணிகள் விதியை மீறவும் இல்லை. எழுதப்பட்ட விதியின் எல்லைக்குள் நின்று தம் வேலையைத் திறமையாகச் செய்த முகாமையாளர்களைத் திட்டுவதில் பயனில்லை. பழி விதியை எழுதியவர்களுக்கே சேர வேண்டும். 2015இலேயே கண்ணுக்குத் தெரிந்த ஓட்டையைப் பத்து ஆண்டுகள் திறந்து வைத்திருந்தவர்கள் அவர்கள்தான்.

இங்கே எங்கள் ரொறன்ரோ அணியான மேப்பிள் லீஃப்ஸைப் பற்றிப் பேசாமல் நகர முடியாது. ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் ஏப்ரலில் நீலச் சட்டையோடு பாடசாலைக்குப் போகும் நம் பிள்ளைகளுக்கு இந்த அணியின் தோல்வி வீட்டுத் துக்கம் போன்றது. மத்தியூஸ், ரவாரெஸ், மார்னர், நைலாண்டர் என்ற நான்கு முன்கள வீரர்களுக்கு 40 மில்லியனுக்கும் சற்று மேல் ஒதுக்கப்பட்டது. உச்சவரம்பு ஆண்டுதோறும் உயரும் என்று நம்பிச் செய்த ஒதுக்கீடு அது. பெருந்தொற்று வந்து, 81.5 மில்லியன் டொலரிலேயே மூன்று பருவங்கள் அது அசையாமல் நின்றபோது, மிகுதிப் பதினாறு பேரும் மீதிப் பாதியைப் பகிர வேண்டியதாயிற்று. விளைவைப் பாருங்கள்: 2019, 2020, 2021, 2022, 2024, 2025 ஆகிய ஆறு ஆண்டுகளிலும் தொடரைத் தீர்மானித்த கடைசி ஆட்டத்தில் ரொறன்ரோ ஒரு கோலுக்கு மேல் அடிக்கவில்லை, 2020இல் அந்த ஒன்றும் இல்லை. கோல் அடிப்பவர்களுக்கே பணத்தில் பாதியைக் கொடுத்த அணி இது. 2025இல் புளோரிடாவிடம் ஏழாவது ஆட்டத்தில் 6-1 என்று தோற்றபோது, கச்சக் காயப் பட்டியலில் இருந்த நாட்களில் வாங்கப்பட்ட சேத் ஜோன்ஸும் பிராட் மார்ஷண்டும் கோல் அடித்தவர்களில் இருந்தார்கள். அந்தத் தோல்விக்கு விதியைக் காரணம் காட்ட மாட்டேன். 6-1 என்பது 6-1தான். ஆனால் ஒரே உச்சவரம்பின் கீழ் இரண்டு அணிகளும் களமிறங்கின என்று யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம்.

வரியையும் சிலர் காரணமாகச் சொல்கிறார்கள். ரம்பா பேயும் இருக்கும் புளோரிடாவிலும், வேகஸ் இருக்கும் நெவாடாவிலும் மாநில வருமான வரி இல்லை. ஒன்ராறியோவில் மிக உயர்ந்த வருமானத்துக்கான வரி 53 சதவீதத்தைத் தாண்டுகிறது. 2020 முதல் 2025 வரையான ஆறு கிண்ணங்களில் ஐந்து அந்த இரு மாநிலங்களுக்கே போயின என்பது உண்மை. எனினும் அதே வரிச் சலுகையோடு இருந்த புளோரிடா அணி 1996க்குப் பிறகு 2022 வரை ஒரு தொடரைக்கூட வெல்லவில்லை என்பதும் உண்மை. வரி நல்ல நிர்வாகத்துக்குக் கைகொடுக்கும். கெட்ட நிர்வாகத்தைக் காப்பாற்றாது. இதற்காக ஒவ்வொரு நகரத்துக்கும் ஒவ்வோர் உச்சவரம்பு வைப்பது முடிவில்லாத சிக்கலில்தான் கொண்டுபோய் விடும்.

லீக்குக்கும் வீரர்கள் சங்கத்துக்கும் இடையில் 2025 கோடையில் ஏற்கப்பட்ட புதிய கூட்டு உடன்படிக்கையின் பயனாக, 2025-26 பருவத்திலிருந்து பிளேஓஃபிலும் உச்சவரம்பு பொருந்துகிறது. ஒவ்வோர் ஆட்டத்துக்கும் களமிறக்கப்படும் இருபது வீரர்களின் மொத்தச் சம்பளக் கணக்கு வரம்புக்குள் அடங்க வேண்டும். ஒரே ஒப்பந்தத்தின் சம்பளத்தை இரண்டு அணிகள் அடுத்தடுத்து ஏற்பதற்கும் இப்போது இடைவெளி விதிக்கப்பட்டிருக்கிறது. சவார்ட்டைப் போல ஒரே நாளில் கால் விலைக்கு ஒருவரை வாங்குவது இனி நடக்காது. இவை இரண்டையும் நான் மனமார வரவேற்கிறேன். காயத்திலிருந்து திரும்பும் நட்சத்திரத்துக்காக, 2025-26க்கான 95.5 மில்லியன் டொலர் வரம்பைப் போன்ற ஓர் எல்லைக்குள் யாரை வெளியே உட்கார வைப்பது என்று பயிற்றுநர் முடிவெடுக்க வேண்டிய நிலை வந்திருக்கிறது. அந்தத் தெரிவின் வலியை மற்ற அணிகள் பருவம் முழுவதும் அனுபவித்தவைதான்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. உச்சவரம்புக் கணக்குகளை அறிய ரசிகர்கள் இன்றும் தனியார் இணையத்தளங்களையே நம்பியிருக்கிறார்கள். அவற்றுள் எல்லோரும் பயன்படுத்திய கப்ஃபிரெண்ட்லியை 2024இல் வொஷிங்ரன் அணி விலைக்கு வாங்கியதும் அது பொதுமக்களுக்கு மூடப்பட்டது. பிளேஓஃபின் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் முன்பாக இரு அணிகளின் இருபது பேர் கொண்ட பட்டியலையும், ஒவ்வொருவருக்குரிய தொகையையும், மொத்தத்தையும் லீக் தன் சொந்தத் தளத்திலேயே வெளியிட வேண்டும். அணிகளிடமிருந்து அந்த விபரத்தை லீக் எப்படியும் பெற்றுக்கொள்கிறது. அதை நம்மிடம் காட்டுவதற்குப் புதிய உடன்படிக்கை எதுவும் தேவையில்லை.