என் ஆயா அவருடைய பாட்டி ஆன கதை

பழைய வண்ணாரப்பேட்டையில் ஜெராக்ஸ், டிடிபி கடை வைத்திருக்கிறேன். நகல் எடுத்தே பிழைக்கிறவன் காப்பி அடிப்பதைப் பற்றிப் பேசுகிறானே என்று சிரிப்பவர்கள் சிரித்துவிட்டு வாருங்கள், காத்திருக்கிறேன்.

இரண்டு வருடம் முன்பு ராயபுரம் ரயில் நிலையத்தைப் பற்றி இங்கே ஒரு பதிவு போட்டிருந்தேன். போன வாரம் ஒருவர் ஏதோ ஒரு விழா மலரைக் கொண்டுவந்து நாலு பக்கம் ஜெராக்ஸ் கேட்டார். கண்ணாடி மேல் கவிழ்க்கும்போது கண்ணில் பட்டது. என் பதிவு. மேலே வேறு யாருடைய பெயரோ.

1856இல் திறந்தார்கள், முதல் ரயில் வாலாஜா ரோடு வரை போனது, தென்னிந்தியாவின் முதல் ரயில் நிலையம் அதுதான். இதையெல்லாம் அவர் எழுதியதில் எனக்கு வருத்தமே இல்லை. அது ஊர்ச்சொத்து, நானும் எங்கோ படித்துத்தான் எழுதினேன். ஆனால் என் ஆயா காசிமேட்டிலிருந்து மீன்கூடையோடு வந்து, அந்தத் தூண் நிழலில் உட்கார்ந்து வெற்றிலை போடும். "கல்யாண மண்டபம்னு கட்ட ஆரம்பிச்சு, பாதியில ரயிலை விட்டுட்டானுங்க" என்று சொல்லும். மலரிலும் அதே மீன்கூடை, அதே வெற்றிலை, அதே கல்யாண மண்டபம். 'என் ஆயா' மட்டும் 'என் பாட்டி' ஆகியிருந்தது.

கடைக்கு வரும் பிள்ளைகளும் இதைத்தான் சொல்வார்கள்: "வார்த்தையை மாத்திட்டேண்ணா, இனிமே அது காப்பி இல்ல." ஒரு பையனின் ஆய்வேட்டில் 'இரத்த அழுத்தம்' எல்லாம் 'குருதி நெருக்கடி' ஆகியிருந்தது. படிக்கிற எனக்கே தலை சுற்றியது. அவர்களுக்கு, காப்பியைக் கண்டுபிடிக்கிற மென்பொருள் காட்டும் விழுக்காடுதான் பயம். பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் கொண்டுவந்த விதிப்படி, ஆய்வேட்டில் 10 விழுக்காடு வரை மற்றவர் எழுத்தோடு ஒத்துப்போனால் தண்டனை இல்லை. 60ஐத் தாண்டினால் அந்த மாணவரின் ஆய்வுப் பதிவே ரத்து. உடனே அந்தப் பத்து ஏதோ திருடிக்கொள்ள அனுமதித்த அளவு மாதிரி ஆகிவிட்டது. ஆங்கிலக் கட்டுரையை அப்படியே தமிழில் மொழிபெயர்த்து வைத்தால் அந்த மென்பொருளில் பெரும்பாலும் சிக்காது. சிக்காவிட்டாலும் யோசித்தவர் வேறொருவர்தானே? அவர் பெயரை ஒரு வரியில் போட்டிருந்தால் முடிந்தது. நம் இலக்கணக்காரர்கள் முதல்நூல், அதை ஒட்டி எழுதும் வழிநூல் என்று பிரித்து வைத்தார்கள். வழிநூல் எழுதுவதை யாரும் கேவலமாக நினைக்கவில்லை.

எங்கள் பக்கத்து கானாவை எடுத்துக்கொள்ளுங்கள். சினிமா மெட்டில் சொந்த வரியைப் போட்டுப் பாடுவார்கள். கேட்கிற தெருவுக்கே மெட்டு யாருடையது என்று தெரியும், ஒளிவுமறைவு கிடையாது. காப்புரிமைக்காரர் கேள்வி கேட்கலாம், அது வேறு வழக்கு. காப்புரிமையையும், அடுத்தவர் எழுத்தைத் தன்னுடையது என்று சொல்வதையும் போட்டுக் குழப்புகிறவர்கள்தான் அதிகம். பாரதியார் பாடல்களின் உரிமையை 1949இல் அரசே வாங்கி, அப்புறம் மக்களுக்கே கொடுத்துவிட்டது. யாரையும் கேட்காமல் அச்சடிக்கலாம். அதற்காக அடியில் என் பெயரைப் போட்டுக்கொள்ள முடியுமா?

சரி, என் கையும் சுத்தமில்லை. கல்யாணப் பத்திரிகை அடிக்க வருபவர்களுக்கு 'நிகழும் மங்களகரமான' என்று இருபது வருடமாக ஒரே வாசகத்தைத்தான் ஓட்டுகிறேன். அது யார் எழுதியதென்று எவருக்கும் தெரியாது, என் எழுத்து என்று நானும் சொன்னதில்லை. ஆனால் கடை தொடங்கிய புதிதில், வேறொரு கடைக்காரர் வரைந்த குத்துவிளக்கு டிசைனை ஸ்கேன் செய்து என் கடை முத்திரையோடு விற்றிருக்கிறேன். அவர் நேரில் வந்து பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் போனார். திட்டியிருந்தால் இத்தனை வருடம் ஞாபகம் இருந்திருக்காது.

அதனால்தான் மலர்க்காரருக்கு போன் போடும்போது குரலை உயர்த்தவில்லை.

"நெட்லதான் சார் இருந்துச்சு. ஃபிரீதானே?" என்றார்.

படிக்கத்தான் ஃபிரீ என்றேன்.

"மொத்தமா மாத்தி எழுதிட்டோமே சார். அடுத்த மலர்ல வேணும்னா 'நன்றி'ன்னு உங்க பேரைப் போட்டுடறோம்."

"பேர் கூட அப்புறம் போடுங்க. எங்க ஆயாவை எப்ப திருப்பித் தருவீங்க?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பேப்பர் புரட்டுகிற சத்தம் கேட்டது.

"எந்த ஆயா சார்?"