அது தமிழ் எழுத்துருவின் கோளாறு அல்ல

செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில் நடந்ததை உங்களில் பலர் அறிவீர்கள்: நமது இன்வொய்ஸ் (விலைப்பட்டியல்) விவரங்கள் திரையில் குழம்பித் தெரிந்தன, பழி தமிழ் எழுத்தின்மீது விழுந்தது. ஆகவே ஆட்களின் பெயர்களை இங்கே இழுக்கவில்லை. ஒன்றை மட்டும் சொல்கிறேன்: வெளியீடு குழம்பியதற்குத் தமிழ் காரணமல்ல.

திரையில் தெரிந்தது இதுதான்: "1042கொழும்பு 0612500.00செலுத்தப்படவில்லை". அட்டவணையும் இல்லை, தலைப்பும் இல்லை, எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. பார்த்த மாத்திரத்தில் "தமிழ் யூனிகோட் எப்போதும் இப்படித்தான்" என்று தீர்ப்பு வந்துவிட்டது. குறியாக்கம், அதாவது எழுத்துகளை எண்களாகச் சேமிக்கும் முறை, பிழையாக இருந்திருந்தால் கேள்விக்குறிகளும் சதுரப் பெட்டிகளும் அல்லவா வந்திருக்கும்? இங்கே ஒரு கொம்போ விசிறியோ இடம் மாறவில்லை. எழுத்து முழுமையாக இருந்தது; அட்டவணையையும் தலைப்பையும் அமைக்கும் குறிகளான டேக்குகளைத்தான் காணவில்லை.

கோப்பை அனுப்புபவர்கள், யாருக்கும் சொல்லாமல், எக்ஸ்எம்எல்லின் (தரவை டேக்குகளுக்குள் வைக்கும் கோப்பு வடிவம்) தொடக்கத்தில் வந்து மற்ற எல்லாவற்றையும் உள்ளடக்கும் மூல உறுப்பில், முன்னொட்டில்லாத நேம்ஸ்பேஸ் ஒன்றைச் சேர்த்திருந்தார்கள். நேம்ஸ்பேஸ் என்பது உறுப்புகளின் குடும்பப்பெயர் போன்றது; முன்னொட்டு அதைக் குறிக்கும் சுருக்கம். அந்தக் கோப்பை அட்டவணையாக மாற்றும் மொழி எக்ஸ்எஸ்எல்ரி. 1999இல் வந்த அதன் 1.0 பதிப்பில் வெறுமனே 'இன்வொய்ஸ்' என்று எழுதினால், எந்த நேம்ஸ்பேஸிலும் சேராத இன்வொய்ஸை மட்டுமே அது தேடும். எந்த உறுப்பை எப்படிக் காட்டுவது என்று நான் எழுதிய ரெம்ப்ளேற்றுகளில் ஒன்றுகூடப் பொருந்தாததால், மொழியில் உள்ளமைந்த விதிகள் தாமாக இயங்கி, ஒவ்வோர் உறுப்புக்குள்ளும் இறங்கி, கண்ட எழுத்தையெல்லாம் அப்படியே கொட்டிவிட்டன. பிழைச்செய்தி வராது, ஏனென்றால் அதன் கணக்கில் அது பிழையே அல்ல.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதே பொறியில் நானும் இரண்டு இரவுகள் கிடந்திருக்கிறேன். வெள்ளவத்தை அறையில் விடிய விடிய எழுத்துருக்களை மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டுக் காலையில் போனபோது, பக்கத்து மேசை அக்கா கேட்டது ஒரே கேள்வி: "முதல் வரியைப் பார்த்தீரா தம்பி?" செவ்வாயன்று அந்தக் கேள்வியை ஒருவராவது கேட்டிருக்கலாம்.

"லோக்கல்-நேம் போட்டு, அதாவது நேம்ஸ்பேஸைப் பாராமல் பெயரை மட்டும் ஒப்பிட்டு, எழுதியிருந்தால் எதுவும் நடந்திருக்காதே" என்பார்கள். உண்மைதான், நடந்திருக்காது, நாளை வேறொரு நேம்ஸ்பேஸிலிருந்து அதே பெயரில் இன்னோர் உறுப்பு வந்தால் அதையும் சேர்த்து விழுங்கிவிட்டு, அப்போதும் தமிழைத்தான் காட்டுவீர்கள். "இன்னுமா 1.0?" என்று கேட்பவர்களுக்கு: 2007இல் வந்த 2.0இல் முன்னொட்டில்லாத பெயர்களுக்கு நேம்ஸ்பேஸைக் குறிக்கவென்றே ஒரு பண்பு இருப்பது எனக்கும் தெரியும், ஆனால் நமது சேர்வரில் இந்த மாற்றத்தைச் செய்யும் மென்பொருள் லிப்எக்ஸ்எஸ்எல்ரி, அதற்கு 1.0 மட்டுமே தெரியும், மாற்றித் தாருங்கள் என்று நான் கேட்ட மின்னஞ்சல் இன்னும் பதிலில்லாமல் கிடக்கிறது. "இதற்கெல்லாம் இவ்வளவு கோபமா?" என்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை.

அதே கோப்பில் சிங்கள வரிகளும் அப்படியே ஒட்டித்தான் வந்திருந்தன. சிங்கள யூனிகோட் எப்போதும் இப்படித்தான் என்று எவரும் சொல்லவில்லை, சொல்லவும் கூடாது. 1987இலிருந்து தமிழும் ஆட்சிமொழி என்று இலங்கை அரசியலமைப்பில் எழுதியிருக்கிறது. கூட்ட அறையில் மட்டும் அது எப்போதும் முதல் சந்தேகநபர்.

ரெம்ப்ளேற்றுகள் இருக்கும் ஸ்ரைல்ஷீற் கோப்பில் அந்த நேம்ஸ்பேஸை ஒரு முன்னொட்டோடு அறிவித்து, பெயர்களுக்கு முன்னால் அதைச் சேர்த்தேன். அரை மணித்தியாலம்கூட ஆகவில்லை, அட்டவணை திரும்பி வந்துவிட்டது. முறைப்பாட்டை முடித்துவைத்தார்கள், ஆனால் "தமிழ் எழுத்துருக் கோளாறு" என்ற அதன் தலைப்பை இன்றுவரை யாரும் திருத்தவில்லை.