கொடுத்தாங்களாம்!

சிங்கப்பூரில் தமிழுக்கு இருக்கும் இடத்தைப் பற்றி ஞாயிற்றுக்கிழமை மேடையில் ஒரு பெரியவர் பேசிய கிளிப் எல்லா வாட்ஸ்அப் குழுவிலும் சுற்றிவிட்டது. "நம்ம மொழியையும் மதிச்சு இடம் கொடுத்திருக்காங்க, நன்றியோட இருக்கக் கத்துக்கணும்." கைதட்டல் வேறு.

கொடுத்தாங்களா? யார் வீட்டுச் சொத்தை யார் கொடுத்தது?

சிங்கப்பூர் அரசியலமைப்புச் சட்டம் இணையத்தில் சும்மாதான் கிடக்கிறது. 12ஆம் பிரிவைப் படியுங்கள்: எல்லாரும் சட்டத்தின் முன் சமம். அந்த வாக்கியத்தில் அரசாங்கமே வரவில்லை ஐயா, ஆள்தான் வருகிறார். 15இல், தன் சமயத்தைப் பின்பற்ற ஒவ்வொருவருக்கும் உரிமை உண்டு. 153ஏயில் தமிழ் அதிகாரத்துவ மொழி. 'பெரிய மனசு பண்ணி' என்று எங்கேயாவது இருக்கிறதா?

"152இல் சிறுபான்மையினர் நலனைப் பேணுவது அரசாங்கத்தின் பொறுப்புன்னுதானே இருக்கு?" என்று ஒரு அண்ணன் வருவார். பொறுப்பு என்றுதான் இருக்கிறது அண்ணே, தர்மம் என்று இல்லை.

"14இல் பேச்சுரிமைக்குப் பின்னாடியே கட்டுப்பாடுகளும் வருதே?" வருகிறது. உரிமை என்னுடையதாக இருப்பதால்தானே கட்டுப்பாடு போட வேண்டியிருக்கிறது! மிச்சத்தை இன்னொரு நாள் பேசுவோம்.

"நன்றி கெட்டவன்" என்று எழுதப்போகிறவர்களுக்கு: என் அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். நான் கட்டாய தேசிய சேவை முடித்து இன்னும் ரிசர்விஸ்ட் பயிற்சிக்குப் போகிறேன். எனக்கு நாட்டுப்பற்றுப் பாடம் வேண்டாம்.

கல்யாணமான புதிதில், பதிவு செய்த பிடிஓ வீடு (அரசாங்கம் கட்டித் தரும் புது அடுக்குமாடி வீடு) வரும்வரை செங்காங் வட்டாரத்தில் வாடகைக்கு வீடு தேடினோம். போனில் எல்லாம் சரி. பேரைச் சொன்னதும் ஏஜென்ட் கொஞ்சம் நிறுத்தி, "இந்தியனா?" என்றார். அரை மணி நேரத்தில் மெசேஜ்: ஓனருக்குச் சமையல் வாசனை ஒத்துக்காதாம், கும்பிடும் கை எமோஜியோடு. என் மனைவிக்கு அப்போது மேகி மட்டும்தான் போடத் தெரியும்!

"அரசியலமைப்பு வீட்டுக்காரரைக் கட்டாது, இதை ஏன் இங்கே இழுக்கிறாய்?" தெரியும். 2025 ஜனவரியில் நிறைவேறிய, பாகுபாட்டைத் தடுக்கும் வேலையிட நியாயச் சட்டம்கூட வேலையிடத்துக்குத்தான், வாடகை வீட்டுக்கு வராது. சட்டப்படி நீங்கள் சொல்வது சரி, வைத்துக்கொள்ளுங்கள். நான் சொல்வது வேறு. சின்ன வயதிலிருந்து 'கொடுத்திருக்காங்க, கொடுத்திருக்காங்க' என்றே கேட்டு வளர்ந்தவனுக்கு, தன்னை ஒதுக்கும்போது கோபம்கூட வரமாட்டேன் என்கிறது. இடம் கொடுத்தவன் எடுத்துக்கொண்டான், அவ்வளவுதானே என்று தோன்றிவிடுகிறது.

அந்த மெசேஜ் இன்னும் என் போனில் இருக்கிறது. நேற்று தேடி எடுத்துப் பார்த்தேன். அதற்குக் கீழே நான் அனுப்பிய பதில்: "பரவாயில்லை, நன்றி."

கூடவே ஒரு சிரிப்பு எமோஜி.