நாய் வளர்ப்பவர்களுக்கு: உண்ணிக்கு வேப்பெண்ணெய் போதாது

"கெமிக்கல் வேண்டாம், இயற்கையே போதும்" என்று நாய் வளர்க்கும் நண்பர்கள் பலர் சொல்லத் தொடங்கியிருக்கிறார்கள். உண்ணிக்கு வேப்பெண்ணெய், தெள்ளுப்பூச்சிக்குக் கற்பூரம், சோற்றில் இரண்டு பல் பூண்டு. நாயின் மேல் உள்ள அன்பில்தான் சொல்கிறார்கள். ஆனாலும் இந்த அறிவுரையை நான் கடுமையாக எதிர்க்கிறேன்.

பூண்டும் வெங்காயமும் நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கக்கூடியவை. நம் ஊர் உண்ணிகள் பரப்பும் எர்லிக்கியா, பபேசியா ஆகிய கிருமிகள் குறிவைப்பதும் இரத்தத்தைத்தான். எர்லிக்கியா, இரத்தம் உறைய உதவும் தட்டணுக்களைக் குறைத்துவிடும். சில நாய்களுக்கு மூக்கிலிருந்து இரத்தம் வடியும். பபேசியா சிவப்பணுவுக்குள்ளேயே புகுந்து அதை உடைக்கும். உண்ணிக் காய்ச்சலில் சோகை பிடித்துக் கிடக்கும் நாய்க்குப் பூண்டுச் சோறு போடுவது எவ்வளவு பெரிய கொடுமை! கற்பூரமும் அப்படித்தான். நக்கி உள்ளே போனால் வலிப்பு வரலாம்.

வேம்பை நான் குறைத்துப் பேசமாட்டேன். அதிலுள்ள அசாடிராக்டின் பூச்சிகளின் வளர்ச்சியைக் குலைக்கும். ஆனால் நாயின் மேல் தடவிய எண்ணெய் எத்தனை நாள் நிற்கும்? அதற்குள் இரத்தம் குடித்து உப்பிய பெண் உண்ணி கீழே விழுந்து, சுவர் வெடிப்பிலும் கதவு நிலையின் இடுக்கிலும் ஆயிரக்கணக்கில் முட்டையிட்டிருக்கும். தெள்ளுப்பூச்சியின் முட்டையும் புழுவும் கூட்டுப்புழுவும் பெரும்பாலும் நாயின் படுக்கையிலும் தரையிலும்தான் இருக்கின்றன. வாரக்கணக்கில் வேலை செய்யும் மருந்தும் வீட்டைச் சுத்தம் செய்வதும் சேர்ந்தால்தான் இந்தச் சுழற்சி அறும்.

இயற்கையா, செயற்கையா என்ற கேள்வியே எனக்குப் பொருத்தமாகப் படவில்லை. கொசுக்கடியால் நாய்க்கு வரும் இதயப்புழுவைத் தடுக்கக் கொடுக்கும் ஐவர்மெக்டின் மருந்து எங்கிருந்து வந்தது? ஜப்பானில் ஒரு கோல்ஃப் மைதானத்தின் அருகே அள்ளிய மண்ணில் வாழ்ந்த நுண்ணுயிரியிலிருந்து வந்தது. அந்த ஆய்வுக்காக சதோஷி ஓமுராவுக்கும் வில்லியம் கேம்பலுக்கும் 2015இல் நோபல் பரிசு கிடைத்தது. மண்ணில் பிறந்த அந்த மருந்தேகூட அளவு தப்பினால் உயிரை எடுக்கும். மாட்டுக்குப் போடும் 1 சதவீத ஊசி மருந்தில் ஒரு மில்லிக்கு 10,000 மைக்ரோகிராம் இருக்கிறது. 20 கிலோ நாய்க்கு இதயப்புழுத் தடுப்புக்கு மாதம் 120 மைக்ரோகிராம் போதும். கண்ணளவில் மாட்டு ஊசியைப் போட்டுவிடுகிறவர்களை நினைத்தால் பதறுகிறது. கோலி (Collie) இன நாய்கள் பலவற்றுக்கு மரபிலேயே இந்த மருந்தைத் தாங்கும் திறன் குறைவு.

மாத்திரைகளும் குறையற்றவை இல்லை. ஃப்ளூராலனர், அஃபாக்ஸோலனர் வகை உண்ணி மாத்திரைகளால் சில நாய்களுக்கு நடுக்கமும் வலிப்பும் வரலாம் என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2018இல் எச்சரித்தது. உங்கள் நாய்க்கு முன்பு வலிப்பு வந்திருந்தால் மருத்துவரிடம் அதை முதலில் சொல்லுங்கள்.

இதயப்புழுவுக்கோ தைலம் எதுவும் உதவாது. கொசு கடித்து உடலுக்குள் இறங்கும் குஞ்சுப் புழு, ஏறக்குறைய ஆறு மாதத்தில் முதிர்ந்து நுரையீரல் தமனிகளில் குடியேறும். பெண் புழு ஓர் அடி நீளம் வரை வளரும். முற்றியபின் ஆர்சனிக் கலந்த ஊசிதான் சிகிச்சை. அது நாய்க்கும் பெரும் வேதனை. இந்தியாவில் இந்தப் புழு வடகிழக்கில்தான் அதிகம் பதிவாகியிருக்கிறது. கேரளத்தில் தோலுக்கடியில் வாழும் அதன் உறவுப் புழு பரவலாக இருக்கிறது. ஆகவே உங்கள் பகுதிக்கு எது தேவை என்று மருத்துவரிடம் கேளுங்கள். தடுப்பு மாத்திரையைத் தொடங்குமுன் இரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். இரத்தத்தில் ஏற்கெனவே இதயப்புழு ஈன்ற நுண்புழுக்கள் நிறைந்திருந்து, அவை ஒரே நேரத்தில் செத்தால் நாய் அதிர்ச்சி நிலைக்குப் போய்விடலாம்.