கோடை மழையும் புவி வெப்பமாதலும்: ஒரு திருத்தம்

இந்தக் கோடையில் மழை அதிகம் பெய்து குளிர்ந்துவிட்டதால் புவி வெப்பமாதல் பொய்யாகிவிட்டது என்று ஒரு கருத்து பகிரப்பட்டுள்ளது. அம்முடிவு சரியன்று என்பதைப் பணிவுடன் தெரிவிக்கிறேன். காற்றின் வெப்பநிலை 1 டிகிரி செல்சியஸ் உயர்ந்தால் அது தாங்கக்கூடிய நீராவியின் அளவு ஏறத்தாழ 7 விழுக்காடு கூடும் என்பதால், வெப்பமடைந்துவரும் உலகில் ஒரு வட்டாரத்தில் கோடை மழை வலுப்பதில் முரண் ஏதுமில்லை. இடிமழை பெய்த பிற்பகலில் வெப்பமானி மளமளவென இறங்கும் (அந்த இதத்தை யாரும் மறுக்கவில்லை). ஆனால், அது அன்றைய வானிலை மட்டுமே. காலநிலையை மதிப்பிட உலக வானிலை அமைப்பு 30 ஆண்டுச் சராசரியை, தற்போது 1991 முதல் 2020 வரையிலானதை, அடிப்படையாகக் கொள்கிறது. ஐயமுள்ளோர் தம் நாட்டு வானிலைத் துறை வெளியிடும் பதிவுகளில், அருகிலுள்ள நிலையத்தின் ஆண்டுச் சராசரி வெப்பநிலையைப் பல பத்தாண்டுகளுக்கு வரிசையாக வைத்துப் பார்க்கலாம். பகல் உச்சத்தோடு இரவின் குறைந்தபட்ச வெப்பநிலையையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது.